சிவபாதம் அண்ணை நீட்டிய முதல் தட்டு

"உங்கடை அண்ணை போயிற்றார், தம்பி."

யோகம் அக்கா தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் வளைகுடா நாடொன்றில், ஒரு ஹோட்டல் குசினியில் நின்று பருப்பு சூப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் சிவபாதம் மன்னார் ஆஸ்பத்திரியில் அன்று விடிய இறந்துவிட்டார். எலிக்காய்ச்சல். வயல் சேற்றில் நின்று வந்த காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று நாலு நாள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மேற்பார்வைக்காரர் வந்து சூப் சரியா என்று கேட்டார். சரி என்றேன். கரண்டியை வாயில் வைத்தேனா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை.

சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த வவுனியா முகாமில், எங்கள் பகுதிச் சமையல் கொட்டிலுக்கு முன்னால் கோப்பையோடு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவருடைய பெயர் தெரிந்திராது. பெரிய சோற்றுக் கிடாரத்தடியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, புகையில் சிவந்த கண்ணோடு நின்ற அந்த நெடிய மனிதரை மறந்திருக்கவும் மாட்டீர்கள். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தவர். ஊர் அம்மன் கோயில் அன்னதானத்துக்கு வருடாவருடம் சமைத்தவர். நானோ இலுப்பைக்கடவைக் கரையில் வலை இழுத்தவன். அவர் சமைத்தார், நான் வெங்காயம் வெட்டினேன். என் பெயர் மரியதாஸ். வெங்காயம் வெட்டியவனை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டீர்கள், அதில் எனக்குக் கோபமில்லை.

சிவபாதம் அண்ணை சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. படைக்க முதல் வாயில் வைக்கக்கூடாது என்பது கோயில் மடைப்பள்ளி வழக்கம். முகாமில் எந்த அம்மனுக்குப் படைக்கிறார் என்று நான் நக்கலாகக் கேட்டேன். "அங்கை பார், எவ்வளவு சனம் நிக்குது. வயிறு காயிற சனத்துக்கு முன்னாலை நான் முதல் வாய் வைக்கிறதோ?" என்றார். உப்பு அவருக்குக் கை அளவு. ஒரு கிடாரத்துக்கு இத்தனை பிடி என்று எறிவார், அது பெரும்பாலும் பிசகாது. சமைத்து முடிந்ததும் வரிசையில் முதலில் நிற்கிறவருக்குத் தன் கையால் தட்டை நீட்டுவார். அவர் ஒரு வாய் சாப்பிடும்வரை அகப்பையைப் பிடித்தபடி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போடுவார்கள். சில நாட்களில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து இன்னும் ஒரு பிடி உப்புப் போட்டிருக்கிறார். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மீள்குடியேற்றம் என்று பஸ்ஸில் ஏற்றி எங்களை ஊர்ப்பக்கம் இறக்கிவிட்டார்கள். அண்ணைக்குக் கிடைத்தது நாலு தடியும் ஒரு தறப்பாளும். கூப்பிடு தூரத்தில் அவருடைய வயல். அதைச் சுற்றி மிதிவெடிக்கான மஞ்சள் நாடா. என்னுடைய கரையிலும் இறங்க அனுமதி இல்லை, நான் தோட்டவெளிக் கிராமத்தில் என் தமக்கை வீட்டில் ஒண்டிக்கொண்டேன். நிவாரண அரிசி நின்றது. ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனேன். பெரிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "வெறும் வயித்தோடை போய் மயங்கி விழுந்திட்டாள். இனி நாளைக்கு அனுப்புவம்" என்று யோகம் அக்கா பானைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். அண்ணை நாடாவுக்கு அப்பால் பற்றை மண்டிய வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்தக் கிழமைதான் மன்னார் பஸ் நிலையச் சுவரில் நோட்டீஸ் பார்த்தேன். வெளிநாட்டு ஹோட்டல்களுக்குச் சமையல்காரர் தேவை. ஏஜென்சி, கொழும்பு. எனக்கு அடக்க முடியாத சந்தோசம். ஆயிரம் பேருக்குச் சமைத்த மனிதர் எங்களிடம் இருக்கிறார், அவரை விட்டால் யாரை எடுப்பார்கள்? அவருக்கு ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போனவன் நான். துணைக்கென்று என் பெயரையும் பதிந்தேன்.

கொழும்பில் சமையல் சோதினை நடந்த குசினியில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடுப்பு. நாலு பேருக்குக் கோழிக்கறி, நாலு பேருக்கு சூப். அண்ணை அந்தச் சின்னச் சட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளையாட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு உப்புப் போத்தலுக்குள் கையை விட்டார், கையை வெளியே எடுத்தார், மறுபடியும் விட்டார். அகப்பையோடு என்னிடம் வந்து, "தம்பி, ஒருக்கா வாயிலை வைச்சுப் பார்" என்றார். ஏஜென்சி அதிகாரி ஓடிவந்து தடுத்தார். ஒருவருக்கு ஒருவர் உதவக்கூடாதாம்.

பரிசோதகர் அண்ணையின் சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். உப்புக் கூடி ஒரே கைப்பு. "டேஸ்ட் பாக்காம எப்படி கொண்டு வந்து வைக்கிறீங்க? இது ஹோட்டல் வேலைங்க" என்றார் அதிகாரி. அண்ணை கோயில் வழக்கத்தைச் சொன்னார். அதிகாரி சிரித்தார். அன்றைக்கு வெங்காயம் வெட்டியவன் தேறினான், சமையல்காரர் தவறினார்.

அவரை இரண்டாவது தடவையும் வரச்சொன்னார்கள். இடைப்பட்ட நாட்களில் நான் அவரை விடாமல் அரித்தேன். "அம்மாளாச்சி உங்கடை பிள்ளையள் பட்டினி கிடக்கிறதை விரும்புவாவோ? ஒரு கரண்டி வாயிலை வையுங்கோ. பாவத்தை என்ரை கணக்கிலை போடுங்கோ." ஓம் என்றார். அன்றைக்கு நான் குசினிக் கதவடியில் நின்று பார்த்தேன். அவர் கரண்டியில் எடுத்து, ஊதி, வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கோப்பையில் ஊற்றினார். எனக்கு உயிர் வந்தது.

அந்த சூப்பில் ஒரு கல் உப்பும் இல்லை.

இனி வரவேண்டாம் என்றார்கள். அண்ணை போகவில்லை. மேசைக்கு முன்னால் நின்றார். "ஐயா, கோப்பை கழுவுறன். குசினி கூட்டுறன். ஏதெண்டாலும் எழுதுங்கோ." அதெல்லாம் இளம் பெடியன்களுக்கு என்றார் அதிகாரி. அண்ணை மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்." அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். நான்தான் அவருடைய கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த விரல்கள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தன என்பது என் கைக்குத் தெரியும்.

கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நான் அவரை ஏசிவிட்டேன். சனத்துக்கு முன்னால், வாயில் வந்தபடி. "வாயிலை வைச்சனீங்கள்தானே? உப்பில்லை எண்டு தெரியேல்லையோ? வேணுமெண்டே செய்தனீங்களோ? உங்களுக்கு அம்மன் முக்கியம், பிள்ளையள் முக்கியமில்லை!"

அவர் சீமெந்துத் திட்டில் குந்தியிருந்தார். எதிர்த்துப் பேசாமல் மெல்லச் சொன்னார்.

"சண்டையின்ரை கடைசி மாசம் பங்கருக்குள்ளை காய்ச்சலாய்க் கிடந்தனான், தெரியும்தானே. எழும்பின பிறகு கஞ்சி தந்திச்சினம். கஞ்சிக்கு உப்பில்லை, உப்பில்லை எண்டு எல்லாரும் அழுதுகொண்டு குடிச்சுதுகள். எனக்கு அது பெரிசாத் தெரியேல்லை. முகாமுக்கு வந்தாப் பிறகு உப்புக் கிடைச்சுது. அப்பவும் தெரியேல்லை."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"நாக்குச் செத்துப் போச்சுது, தம்பி. கோயில் வழக்கம் உண்மைதான். ஆனா முகாமிலை அதுக்குப் பின்னாலை ஒளிச்சனான். சமையலிலையிருந்து நிப்பாட்டினா என்ரை பிள்ளையளுக்கு அடிச்சட்டிச் சோறும் இல்லை. கிடாரமெண்டா என்ரை கைக்குத் தெரியும், சின்னச் சட்டியெண்டா போட்டதும் போடாததும் தெரியாது. மிச்சத்தைச் சனத்தின்ரை முகத்திலை பாத்தனான். இண்டைக்கு ஆரின்ரை முகத்தைப் பாக்கிறது?"

யோகம் அக்காவிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "அவளுக்கு இனித் தாங்கிறதுக்கு இடமில்லை" என்றார்.

நான் புறப்பட்ட நாளில் தோட்டவெளிக்கு வழியனுப்ப வந்தார். அவருடைய வேலையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல எனக்குக் கூசியது, அதைச் சொல்லியும் விட்டேன். "விசரா, ரெண்டு பேரும் கிடந்து சாகிறதோ? போயிட்டு வா. ருசி பார்க்கேக்கை எனக்கும் சேர்த்துப் பார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு நாடாவை எடுத்தார்கள், வயலை விட்டார்கள். இரண்டு போகம் விதைத்தார். எந்த வயலுக்காக அவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தாரோ, அதே வயல்தான் அந்தக் காய்ச்சலையும் கொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு யார்மீது என்று தெரியாத கோபம் வருகிறது.

செத்தவீட்டுக்கு வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்குக்குத்தான் வந்தேன். "நீங்கள்தான் சமைக்கவேணும்" என்றார் யோகம் அக்கா. வேதக்காரன், சிலுவை போடுகிறவன், சமைத்துப் படைக்கலாமா என்று கேட்டேன். "அவர் இப்பிடிக் கேட்டிருக்க மாட்டார்" என்றார்.

சோறு, பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய், சொதி. ஒரு சமையலுக்குப் பத்துத் தடவை கரண்டி வாயில் வைத்துப் பழகியவன், அன்றைக்கு ஒரு தடவையும் வைக்கவில்லை. உப்பைக் கையால் போட்டேன். என் கை அவருடைய கை இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. படையல் முடிந்து பந்தி வைக்க முதல், யோகம் அக்காவுக்கு முதல் தட்டை நீட்டினேன். அவர் ஒரு வாய் எடுத்தார். நான் அகப்பையைப் பிடித்தபடி நின்றேன்.

அவர் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரும் இப்பிடித்தான் நிப்பார்" என்றார். "எனக்குத் தெரியும், தம்பி. ஒருநாள் நான் உப்புப் போட மறந்த சொதியை ரெண்டாந்தரமும் வாங்கிக் குடிச்சவர். நான் ஒண்டும் கேக்கேல்லை. அதுக்குப் பிறகு அவர் சமைச்சா நான்தான் முதலிலை சாப்பிடுவன். அவருக்கு வடிவாத் தெரியவேணுமெண்டு முகத்தைச் சுழிப்பன், சிரிப்பன்."

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. சாப்பிட்ட சனம் அறியட்டும்" என்றார்.

வரிசையில் முதலாவதாக நின்றவர்களே, அந்த நாட்களில் அவர் உங்கள் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தார் என்பது இனி உங்களுக்குத் தெரியும். நான் திரும்பவும் ஹோட்டல் குசினிக்குப் போகிறேன். அங்கே கரண்டி என் வாயில் இருக்கும், அது அவர் எனக்கு விட்டுத்தந்த வேலை. என் வீட்டில் சமைக்கும் நாட்களில் மட்டும் அவருடைய பழக்கத்தை வைத்திருக்கப்போகிறேன். வாயில் வைக்கமாட்டேன். முதல் தட்டை நீட்டிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அன்றைக்கு யோகம் அக்காவின் முகம் மெல்லச் சுழித்தது.

"உப்புக் காணாது, தம்பி."

நான் திரும்பிப்போய் இன்னும் ஒரு பிடி போட்டேன்.