முழங்காலில் இல்லாத நோ

அறைக்குள் டொக்டர் இருந்தார். தாதி, மிஸ்ஸி ஒருவர் இருந்தார். அம்மா இருந்தார். என்னைத் தூக்கிவந்த மாமா, அம்மாவின் தம்பி, கதவோடு நின்றார். கட்டிலில் நான். எனக்குப் பன்னிரண்டு வயது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று வேலிக்கட்டை அடித்து என் இடது முழங்கால் பிளந்தது. தம்பியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எங்கள் ஊர் கல்லாற்றில் வீடும் இல்லை. வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலையில், பெரியம்மாவோடு போய் இருந்தோம்.

அடுத்த வருடம் நொண்டத் தொடங்கினேன். நொந்தது முழங்கால்தான். தழும்பும் அங்கேதான். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டினார். கோயிலில் நூல் கட்டினார்கள், அதுவும் முழங்காலில். ஒருநாள் காலையில் காலை ஊன்றவே முடியவில்லை. மாமா தோணியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

டொக்டர் தழும்பைப் பெரிதாகப் பார்க்கவில்லை. காலை மடக்கி நெஞ்சுப் பக்கம் தள்ளினார். அது நேரே வராமல் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. நான் கத்தினேன். இடுப்பைப் படம் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் அம்மாவிடம் சொன்னார்.

“முழங்கால்ல ஒண்டும் இல்லை அம்மா. தொடை எலும்பிட தலை இடுப்புக்குள்ள சரியுது, அடுப்பில சட்டி சரிஞ்ச மாதிரி. இந்த வயசில சில பிள்ளையளுக்கு வரும். நோ முழங்காலில காட்டும். நாளைக்கே எலும்பில ஆணி ஏத்தவேணும்.”

“அப்ப ஒண்டுமில்லாத காலுக்கா ஐயா இவ்வளவு எண்ணெய் ஊத்தின?” என்றார் மாமா.

அம்மா சிரிக்கவில்லை. “ஆணி ஏத்தினா நேரா நடப்பாளா ஐயா?”

“நடப்பா. நொண்டல் பெரிசாத் தெரியாது.”

“அப்ப வேணாம்.”

“என்னகா கதைக்காய்? பிள்ளை முடமாப் போகட்டோ?” என்றார் மாமா.

“முடமெண்டாலும் வீட்ட இருப்பாள்.”

பள்ளியில் பொடியன்கள் என்னை நொண்டித்தாரா, நொண்டி வாத்து, என்று கூப்பிடுவார்கள். நான் அப்படியே கிடக்கட்டும் என்று அம்மா நினைக்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது. இது தம்பி என்றால் செய்திருப்பார் என்றும் நினைத்தேன்.

மிஸ்ஸி வாவிக்கு மேற்கே எங்கள் பக்கத்து ஆள். டொக்டரின் காதில் ஏதோ சொன்னார். டொக்டர் படத்தைக் கீழே வைத்தார்.

“ஆணி ஏத்துவம் அம்மா. பிறகு ரெண்டு ஊண்டுகோல் தாறன். அதை எப்ப விடுறதெண்டு நீங்களே பாருங்க. நான் கேக்கமாட்டன்.”

அம்மா அவர் காலைத் தொடக் குனிந்தார். மிஸ்ஸி பிடித்துக்கொண்டார்.

கால் சுகமானது. வீட்டுக்குள் சும்மா நடப்பேன். கோல் இல்லாமல் வாசல் படலையைத் தாண்டினால் அம்மாவிடம் அடி விழும். சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்த இயக்கத்து ஆட்கள் என்னை முற்றத்தில் நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். “இது சரிவராது” என்று ஒருவர் சொன்னார். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு நாள் அம்மாவோடு நான் பேசவில்லை.

சண்டை முடிந்த பிறகு ஒருநாள் என் வகுப்புப் பெண்பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். பதினாறு பேர் படித்தோம். என்னோடு சேர்த்து மிச்சம் ஐந்து பேர்.