ரேஸுக்குப் பூட்டிய கிளட்ச்

தபேயா பயந்தவள். லாப்ரடோர் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் இதை யாரும் ஒளித்துப் பேசியதில்லை. கடல் உறைந்து இறுகிக் கிடக்கும் மாதத்திலும் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்துத்தான் அடி எடுத்து வைப்பாள். அவள் அப்பா நட்டநடுத் தண்ணீரில் பனிவண்டியோடு மூழ்கிப் போனவர். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது, கிளட்ச்தான் கைவிட்டுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

வேறொருத்தியாக இருந்தால் வண்டிப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டாள். இவள் அந்தக் கிளட்ச்சையே பிரித்து மேய ஆரம்பித்தாள். இன்று ஊரில் ஓடும் ஸ்னோமொபைல்களில் பாதி அவள் கொட்டகைக்குள் போய் வந்தவைதான். எல்லாவற்றையும் இழுவைக்குத்தான் பூட்டுவாள், வேகத்துக்கு அல்ல. "அக்கா பூட்டுன வண்டி சறுக்கு இழுக்குற நாய் மாதிரி இழுக்கும், கிழட்டு நாய் மாதிரி ஓடும்" என்று இளவட்டங்கள் கிண்டலடிக்கும். அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். அவள் பூட்டிய வண்டி எதுவும் தண்ணீரில் மூழ்கியதில்லை.

ஆனால் ஈஸ்டருக்கு மறுநாள் நடக்கும் ரேஸ் வந்தாலே தம்பி எனோக் உயிரை எடுப்பான். வருஷா வருஷம் இரண்டாவதாகவே வந்து அவனுக்கு அலுத்துப் போயிருந்தது. இந்த முறை அவள் இறங்கி வந்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கும் உள்ளூர ஆசை இருந்தது. அவன் ஓட்டப்போகும் வண்டியின் முன் கிளட்ச்சில் கனமான எடைகளைப் போட்டாள். பின் கிளட்ச்சில் இருந்த இறுக்கமான ஸ்பிரிங்கைக் கழற்றித் தளர்வானதை மாட்டினாள். சனிக்கிழமை இறுகிய பனிக்கட்டியில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி போன போக்கில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மிதப்பில் வாயை விட்டாள்.

"இனிமே இதை எதாலயும் நிறுத்த முடியாதுடா."

சும்மா இருந்திருக்கலாம்.

ஈஸ்டர் ஞாயிறன்று ஆராதனை முடிந்து வந்து கொட்டகையைத் திறந்தால் வண்டி இல்லை. பின்னால் கட்டி இழுக்கும் மரச்சறுக்கும் இல்லை. அந்த ஊரில் சாவி எப்போதும் வண்டியிலேயே தொங்கும். உறவுக்காரர்கள் எடுத்துப் போனால் கேட்டுவிட்டுப் போவதில்லை, கேட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். தபேயா வாசலுக்கு வந்து பார்த்தாள். வெளியே காற்று இதமாக வீசிக்கொண்டிருந்தது, கூரைப் பனி உருகிச் சொட்டியது.

ஊரில் எல்லா அடுப்பங்கரையிலும் இருவழி ரேடியோ நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். ஒருவர் பேசினால் ஊரே கேட்கும். அவள் பொத்தானை அழுத்தினாள்.

"எனோக்கைப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

பக்கத்து வீட்டுக் கெத்தூராதான் பதில் சொன்னாள். "விடிகாலையிலேயே போயிட்டானே. பெனோனி மாமாவ ஈஸ்டருக்குக் கூட்டிட்டு வரேன்னான். ஏன்டி?"

பெனோனி மாமாவின் குடிசை 'சலசலப்பு'க்கு அந்தப் பக்கம். இரண்டு தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் பாயும் இடுக்கு அது, ஒழுங்காக உறையவே உறையாது. முழு வேகத்தில் வந்தால் வண்டி தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு கரையேறிவிடும். வேகம் செத்தால் மூழ்கும்.

"அந்த வண்டி தண்ணிக்கு ஆகாது கெத்தூரா. ரேஸுக்குப் பூட்டியிருக்கேன். பாரம் ஏறுனா கிளட்ச் இழுவைக்கு இறங்கிக் குடுக்காது, எஞ்சின் திணறி வேகம் செத்துடும்."

"உனக்கு எந்த வண்டிதான் தண்ணிக்கு ஆகும்? போய் டீயக் குடி."

வேறு யாரோ சிரித்தார்கள். எத்தனை வருஷம் எத்தனை விஷயத்துக்குப் பயந்திருப்பாள், இந்தப் பயத்தை மட்டும் யார் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள்? கைரேடியோவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தன் பழைய வண்டியை எடுத்தாள். வழி நெடுக எனோக் எனோக் என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். நடுவில் மலை மறைத்தது, இரைச்சல் மட்டும் வந்தது.

சலசலப்பில் தண்ணீர் கறுப்பாக, நினைத்ததைவிட அகலமாகத் திறந்து கிடந்தது. வண்டித் தடம் நேராகப் போய் அதில் இறங்கியிருந்தது. அக்கரையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தாள். பனியில் ஒரு தடம் ஏறிப் போயிருந்தது. பெருமூச்சு வெளியே வருவதற்குள் எஞ்சின் சத்தம் கேட்டது.

அக்கரை ஓரத்தில் எனோக் வந்து நின்றான். பின்னால் மரச்சறுக்கில் மீன் மூட்டையும் கடல்நாய் இறைச்சியும், அதன் மேல் போர்த்திக்கொண்டு பெனோனி மாமாவும். எனோக் தண்ணீரைப் பார்த்தான், வேகமெடுத்து வருவதற்காக வண்டியைப் பின்னால் கொண்டுபோனான்.

இந்தப் பக்கம் கரையேற ஒரே இடம்தான், மற்ற இடமெல்லாம் அலை தள்ளிக் குவித்த பனிச்சுவர். தபேயா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாள். பழைய வண்டியை ஓட்டிப்போய் அந்த வாயிலேயே குறுக்கே நிறுத்தினாள். அடியில் பனிக்கட்டி முனகியது. வண்டியின் சறுக்குக் கட்டைகளைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது. அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

சட்டைக்குள் ரேடியோ பேசியது. "அக்கா, உனக்குப் பைத்தியமா? ஓரத்துல நிக்கிற. வழிய விடு."

"மாட்டேன். அந்த கிளட்ச் உன்னக் கரை சேக்காது."

"எதாலயும் நிறுத்த முடியாதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். திமிர்ல சொன்னேன். ஊரே கேக்கட்டும், நான் சொன்னது தப்பு."

"காலையில தாண்டித்தானே வந்தேன். மாமா குளிர்ல உக்காந்திருக்காரு. ஒன்னோட பயத்துக்கெல்லாம் நான் ராத்திரி முழுக்க இங்க உக்கார முடியாது. நீ தள்ளலேன்னா உன் வண்டிக்குப் பக்கத்துல உரசிக்கிட்டே ஏறுவேன்."

செய்யக்கூடியவன்தான். அவள் ரேடியோவை வாயருகே கொண்டுபோனாள்.

"எனோக், ஒண்ணே ஒண்ணு செய். உன் பின்னால அந்த மேடு இருக்குல்ல, ஈரப்பனி. முழு பாரத்தோட முழு வேகத்துல ஏறு. ஏறிட்டா நான் வழிய விடுறேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

மாமா ஏதோ சொன்னது கேட்டது. எனோக் அலுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். சீறிக்கொண்டுதான் கிளம்பினான். மேட்டைத் தொட்டதும் தபேயா கண்ணை மூடிக்கொண்டாள், அவளுக்குக் காது போதும். எஞ்சின் கத்தியது, பிறகு அடங்கி அடங்கி உறுமியது. கண்ணைத் திறந்தபோது பாதி மேட்டில் வண்டி புதைந்து நின்றது. எனோக் அதன் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

தபேயா வண்டியைப் பின்னுக்கு எடுத்து, கனத்த பனிக்கட்டிக்கு வந்து, இறங்கினாள். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"பாரத்த இறக்கிட்டு மாமாவக் குடிசைக்கே கூட்டிட்டுப் போ" என்றாள். "ராத்திரி குளிர் இறங்கும், பனி இறுகிடும். நாளைக்குத் தெற்கு வழியா சுத்தி வாங்க. நான் அந்தப் பழைய ஸ்பிரிங்க எடுத்துக்கிட்டு எதிர்ல வரேன்."

"ரேஸ்?"

"ரேஸ் கிடக்குது."

அவள் தன் வண்டிப் பக்கம் திரும்பினாள். பேச்சு முடிந்தது என்று நினைத்தாள்.

"அக்கா." குரல் சின்னதாக இருந்தது. "காலையில வரும்போது நடுத்தண்ணியில ஒரு தடவ இப்படியேதான் உறுமுச்சு. பின்பக்கம் கீழ இறங்குச்சு. பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்னு நெனச்சேன்."

தபேயா பதில் சொல்லப் பொத்தானைத் தேடினாள். விரல் அதன் மேல்தான் இருந்தது, அழுத்த முடியவில்லை. ஈரப்பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இருக்கியா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.