இருளப்பசாமி போன ஊர்

என் மருமகள் ஜெயப்பிரியா தெருவில் நடக்கும்போது பாருங்கள், பாதி வழியில் நின்று திரும்பிப் பார்ப்பாள். பின்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். "என்னடி, எவனாவது பின்னாடி வாரானா?" என்று முதலில் நான் கேலி பண்ணினேன். "யாரும் வரல அத்தை. அதத்தேன் பாக்குறேன்" என்றாள்.

என் அண்ணன் இருளாண்டியின் ஒரே மகள் அவள். சாயல்குடிக்கு மேற்கே எங்கள் ஊர், மிளகாய் போடுகிற காடு. ஆறாம் வகுப்பிலிருந்து ராமநாதபுரத்தில் என் வீட்டில் தங்கித்தான் படித்தாள். பதினாறு வயதில், மாணவர்களை நாடு மாற்றிப் படிக்க அனுப்பும் ஒரு திட்டத்தில் தேர்வாகி, பின்லாந்தில் ஒரு வீட்டில் தங்கி அங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தாள். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் குளிர் எப்படி, சோறு கிடைத்ததா என்று கேட்கிறார்கள். பதில் வருவதற்குள் கருவாட்டு விலைக்குப் போய்விடுகிறார்கள். கூட யார் இருந்தது என்று ஒரு ஜென்மம் கேட்டதில்லை.

தேர்வானதும் வீட்டில் பெரிய ரகளை. என் பெரியண்ணன் வீரையா, "வயசுக்கு வந்த புள்ளைய எவ வீட்லயோ விட்டுட்டு இங்கன நீ மீசைய முறுக்கிக்கிட்டு இருப்பியா?" என்று இருளாண்டியைப் பார்த்துக் கத்தினார். இருளாண்டிக்கு மீசையே கிடையாது. அண்ணன் எதிரில் அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்ததும் கிடையாது. வரப்பில் நிழல் விழுந்தாலே ஒதுங்கி நிற்கிற மனுசன். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். ஜெயப்பிரியா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். எனக்கு அண்ணன்கள் ரெண்டு பேர் மீதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயுள்ள பிள்ளைக்கு வாயில்லாத அப்பன்.

ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் அவருக்கு வாய் வரும். எங்கள் குலசாமி இருளப்பசாமிக்கு அவர்தான் சாமியாடி. மாசியில் குலசாமிக்கு எடுக்கும் களரித் திருவிழா அன்று கொட்டு முழங்கி, கையில் பிரம்பைக் கொடுத்தால், என் அண்ணன் போய் வேறு ஆள் வந்து நிற்பார். கண் சிவந்து, குரல் அடித்தொண்டையில் இறங்கிவிடும். அப்போது வீரையாவை "ஏலே" என்பார். வீரையா கைகட்டி நிற்பார்.

அந்த வருடம் களரியில் பொழுது சாயச் சாமி வந்தது. பிரம்பு நேரே வீரையாவின் நெஞ்சுக்கு நீண்டது. "ஏலே வீரையா, எம்புள்ளைய மறிக்க நீ யாருடா? அவ போகட்டும். நான் கூடப் போறேன்."

அவ்வளவுதான். வீரையா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பங்காளிகள் ஒருவரும் அதற்கப்புறம் மூச்சு விடவில்லை. பாஸ்போர்ட்டுக்கு வீரையாவே கூட வந்து நின்றார்.

கிளம்புகிற அன்று ஜெயப்பிரியா கோயில் வாசலில் நின்று, "சாமி, சொன்னபடி வாங்க, போவோம்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். அது எங்கள் வழக்கம். சாமிப்பெட்டியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்கும்போதுகூடக் கூப்பிட்டுவிட்டுத்தான் தூக்குவோம். கூப்பிடாமல் சாமி இருந்த இடத்தை விட்டு அசையாது. அவள் கூப்பிடும்போது என் அண்ணன் மட்டும் வேறு பக்கம் திரும்பி நின்றார். மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே அவளுக்கு வாய்த்த வீட்டுக்காரம்மா பெயர் ஹெல்வி. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஒரு நாய் உண்டு. நல்ல பொம்பளை, ஆனால் பேச்சு கிடையாது. வடக்குக் கோடியில், பஸ் நிறுத்தத்திலிருந்து மரக்கூட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்து போகிற வீடு. ஜெயப்பிரியா அம்மாவிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டு அழுவாள். "அத்தை, இங்கன பஸ்ல எம்பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாக. எல்லாருமே தனித்தனியாத்தேன் உக்காருறாக. நாளு பூரா எம்பேர ஒருத்தரும் சொல்லல." நான் என்ன செய்ய? இங்கிருந்து அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

மார்கழியில்தான் அந்தச் சமாச்சாரம் ஆரம்பித்தது. அந்த ஊரில் அப்போது சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுமாம். பள்ளிக்கூடம் விட்டு அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கும்மிருட்டு. பனியில் நடந்தால் நறுக் நறுக்கென்று சத்தம் வரும். ஒருநாள் அவள் செருமிக்கொள்ள நின்றிருக்கிறாள். அவள் நின்ற பிறகும் பின்னால் இன்னும் இரண்டு அடி கேட்டிருக்கிறது.

"எந்தக் களவாணிப் பய? அந்தம்மாட்டச் சொல்லு, போலீசுட்டச் சொல்லு" என்று நான் போனில் கத்தினேன்.

"டார்ச் அடிச்சுப் பாத்தேன் அத்தை. என் தடம் மட்டுந்தேன் கெடக்கு. ஆனா சுருட்டு வாசம் வருது."

எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. இருளப்பசாமிக்கு நாங்கள் படைப்பது சுருட்டு.

பிறகு தினமும் வந்தது. தோல் செருப்புப் போட்ட, கனமான ஆள் நடக்கிற சத்தம். இவள் ஓடினால் அது ஓடாது. வீடு வந்து திரும்பினால் நின்றுவிடும். ஒருநாள் பாதையின் நடுவில் நின்று, நடுங்கிக்கொண்டே, "இருளப்பசாமியா?" என்று கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. ஆனால் ஹெல்வியின் நாய் வீட்டிலிருந்து ஓடி வந்து, இவளைக் கடந்து போய், ஆளில்லாத இருட்டைப் பார்த்து வாலை ஆட்டியதாம். அங்கேயே பனியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

"இப்பப் பயம் போயிருச்சாடி?" என்றேன்.

"பயம் போகல. பயமாத்தேன் இருக்கு. ஆனா தனியா இல்ல."

அன்றிலிருந்து தன் ரொட்டியில் ஒரு துண்டை வாசல் மரத்தடியில் வைக்க ஆரம்பித்தாள். ஹெல்வி பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டார். எங்க ஊரிலிருந்து கூட வந்தவருக்கு என்று சொன்னாளாம். மறுநாள் அவரே ஒரு கோப்பைக் காபியைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தார்.

அடுத்து வந்த மாசியில் இங்கே களரி. கொட்டு முழங்கியது. என் அண்ணன் பிரம்பைப் பிடித்து நின்றார். முழங்கிக்கொண்டே இருந்தது. எப்போதும் முதலில் அவர் கால் பெருவிரல் துடிக்கும், எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அன்று நான் அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அசையவே இல்லை. வியர்த்து ஊற்றிக்கொண்டு, ஊரே பார்க்க, வெறும் மனுசனாக நின்றார். கொட்டடிக்கிறவர்கள் கை சலித்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பிரம்பைச் சாமி காலடியில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து போனார், யாரும் வழி விடக்கூட இல்லை.

"கூடப் போறேன்னு சொல்லுச்சுல்ல, போயிருச்சு. புள்ள வந்தா வந்துரும்" என்று நான்தான் எல்லாரையும் அடக்கினேன்.

ஆனி பிறக்கும் சமயத்தில் ஜெயப்பிரியா திரும்பி வந்தாள். பிளஸ் ஒன் வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள். எல்லாம் பழையபடி ஆகும் என்று காத்திருந்தோம். மறு மாசியிலும் கொட்டு முழங்கியது. மறுபடியும் அந்த விரல் அசையவில்லை.

இந்தமுறை பங்காளிகள் விடவில்லை. "பொட்டப்புள்ளையக் கடல் தாண்ட விட்டீக, சாமி வெறுத்துப் போச்சு" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அடுத்த களரிக்குள் சாமியைத் திரும்ப இறக்க வேண்டும், இல்லையென்றால் பிரம்பு வீரையாவின் மகன் வினோத்குமாருக்குப் போகும் என்று முடிவானது. என் அண்ணனுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் அவர் மற்றவர்கள் சொன்னதைச் செய்கிறவர். அதையும் பிடுங்கினால் அந்த மனுசன் எதைக் கொண்டு வாழ்வார்?

நானும் ஜெயப்பிரியாவும் அவரைப் பார்க்கப் போனோம். களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"உலகம்மா, அன்னைக்கு வந்தது சாமி இல்ல. நாந்தேன்."

"என்னைக்கு?"

"புள்ள போகட்டும்னு சொன்ன அன்னைக்கு. சாமி வரல. பெரியண்ணன்ட்ட எப்படிப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல. அதுனால சாமி மாதிரி பேசிட்டேன். அதுக்குத்தேன் இப்ப என்கிட்ட வர மாட்டேங்குது."

"அடப் பாவி மனுசா!" என்றேன். வேறென்ன சொல்ல? திட்டவும் வந்தது, அழவும் வந்தது. தன் மகளுக்காகத் தன்னிடம் இருந்த ஒரே சொத்தை எடுத்துச் செலவழித்திருக்கிறார்.

ஜெயப்பிரியாவின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க பொய் சொல்லல அய்யா" என்றாள். "அவரு வந்தாரு. அங்கன, எம்பின்னாடி." சுருட்டையும் செருப்புச் சத்தத்தையும் நாயையும் முதல்முறையாக அப்பாவிடம் சொன்னாள். அவர் மிளகாய் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப சாமி எங்க இப்ப?" என்றார்.

"நான் வரும்போது அங்கன பனியெல்லாம் உருகி, புல்லு மொளச்சுப் போச்சு. ராத்திரியே கெடையாது, விடிய விடிய வெளிச்சம். நடந்தாச் சத்தமே வராது. அப்படியே எனக்கு மறந்துபோச்சு. ஹெல்வி அழுதாங்க, காரு வந்துருச்சு, ஏறிட்டேன்." ஜெயப்பிரியா அவருக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "வாங்க, போவோம்னு நான் கூப்பிடல அய்யா."

ஆளரவமில்லாத ஊரில், பாஷை தெரியாத இடத்தில், எங்கள் குலசாமி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருக்கிறது. "இப்பக் கூப்பிடுண்ணே" என்றேன். "போனப் போடுடி. உங்க அய்யா வாயாலயே கூப்பிடட்டும்."

ஹெல்வி வீடியோவில் வந்தார். ஜெயப்பிரியா கேட்டுக்கொண்டதும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். இன்னும் பனி கிடந்தது. மரத்தடியில் நாய் உட்கார்ந்திருந்தது, எதிரில் ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்தபடி. என் அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார். அவர் கால் விரலைப் பார்த்தேன். துடித்தது.

அதற்குள் அந்தம்மா என்னவோ சொன்னார். அவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஜெயப்பிரியா தமிழில் சொன்னாள்: "நான் போன பெறகு இருட்டுல தனியா நடக்கணுமேன்னு பயந்தாங்களாம். ஆனா இப்பவும் வீடு வரைக்கும் யாரோ பின்னாடி வாராங்களாம். இவங்களும் தெனம் காபி வைக்கிறாங்களாம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்றாங்க."

என் அண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது. 'வாங்க' என்ற சொல் அதற்குள்ளேயே நின்றது.

"அந்தம்மாவுக்கு வேற யாரும் இல்லியா?" என்று கேட்டார்.

"நாய்தேன் அய்யா."

கூப்பின கையை மெதுவாக இறக்கினார். "அப்ப இருக்கட்டும்" என்றார்.

போனை வைத்ததும் நான் சண்டை பிடித்தேன். "ஒங்க தர்ம புத்தியக் கொண்டு ஒடப்புல போடுங்க. சாமியில்லாத குடும்பமா நாங்க எங்கிட்டுப் போக?"

"உலகம்மா, நான் கூப்பிட்டு, வரலேன்னா?" என்றார்.

இந்த மாசியில் பிரம்பை அவரே வினோத்குமார் கையில் கொடுத்தார். கொட்டு முழங்கியது. வினோத்குமார் துள்ளி ஆடினான், உறுமினான், வீரையாவை "ஏலே" என்றான். வீரையா ஆனந்தத்தில் கண்ணீர் விட்டார். ஊரே குலவை போட்டது. என் பக்கத்தில் ஜெயப்பிரியா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அவருக்கு இந்தக் கொட்டுச் சத்தம் அங்கன கேக்குமா அத்தை?" என்றாள்.

முதல் ஆளாக என் அண்ணன் கூட்டத்தைத் தாண்டிப் போய், வினோத்குமாரின் காலில் விழுந்தார். திருநீற்றுக்கு நெற்றியைக் காட்டினார். ஆட்டம் நின்றுவிட்டது. வினோத்குமார் குனிந்து, அவருக்கும் முன்வரிசையில் நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கிற குரலில், "சின்னய்யா, வேணாம், எந்திரிங்க" என்றான்.