இன்ஷிராஹ் அக்காவின் கூடை

எங்க கட்டடத்துல எந்தப் புதுப்படம் டிவி ஆப்புல வந்தாலும் முதல்ல நாலாவது மாடியிலதான் ஓடும். இன்ஷிராஹ் அக்கா பார்த்து முடிக்கட்டும்னு மத்த வீடெல்லாம் காத்திருக்கும். பிடிச்சிருந்தா, கடைச் சாமான் ஏத்துற கயித்துக் கூடையில வேகவச்ச துர்முஸ் கொட்டைய நிரப்பி பால்கனியிலேர்ந்து இறக்குவாங்க. கொறிச்சுக்கிட்டே பாருங்கன்னு அர்த்தம். கூடை வரலேன்னா போர்த்திட்டுப் படுக்கலாம்.

எதிர்த்த கிளினிக்குல ஊசி போடுறவங்க அக்கா. எங்க கர்மூஸ் பேட்டையில பாதிப்பேர் அந்தக் கைக்குச் சட்டையைச் சுருட்டினவங்கதான். ஊசி வலிக்காது, சொல்ற சொல்லுதான் சுருக்குன்னு குத்தும்.

"இருபது பேரை அடிச்சான்டி, சட்டை கசங்கல. பரிசு கொடுக்கறதா இருந்தா இஸ்திரிக்காரனுக்குக் கொடு" என்பாங்க. இன்னொரு படத்துக்கு, "நான் முலூகியாக் கீரை முழுக்க ஆய்ஞ்சுட்டேன், கதாநாயகி ஆஸ்பத்திரிக் கட்டில்ல இன்னும் அழுதுட்டிருக்கா. குளுக்கோஸை எங்க குத்தியிருக்கான் தெரியுமா? நரம்பே இல்லாத இடத்துல!"

வீட்டுக்காரர் தவறிப் போனப்புறம் அக்காவுக்குப் படம்தான் துணை. முகஸ்துதி மட்டும் வாயில வராது. அதனாலதான் என் புருஷன் ஷுக்ரிகிட்ட நான் அப்படிப் பந்தயம் கட்டினேன்.

மனுஷனுக்குச் செருப்புக் கடையில வேலை. ஷூட்டிங்னு யாராவது கூப்பிட்டா லீவு போட்டுட்டு ஓடிடுவார், கூட்டத்துல ஒரு தலையா நிக்க. "முதலாளி சீட்டைக் கிழிக்கட்டும், அப்புறம் உங்க சினிமாவையே சமைச்சுப் போடுறேன்"னு கத்திப் பார்த்தேன். செவிடன் காதுல ஊதின சங்குதான். கடைசியா, "உங்க மூஞ்சி தெளிவாத் தெரியுற படம் வருதுல்ல? அக்கா நல்லாயிருக்குன்னு சொன்னா நடிங்க. இல்லேன்னா இத்தோட சினிமாவைத் தலை முழுகுங்க"ன்னேன். சரின்னுட்டார்.

படம் வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மீன் சோத்தைத் தொடவேயில்லை. என்னன்னு குடைஞ்சப்புறம்தான் விஷயம் வெளிய வந்தது. துக்க வீட்டுக் காட்சி. சர்க்கரை போடாத காப்பியைக் குடிச்சுட்டுக் கோப்பையைக் கீழ வைக்கணும், அவ்வளவுதான் இவர் வேலை. இவரோ பழக்க தோஷத்துல, "என்னைக்கும் கிடைக்கட்டும்"னு வாய் விட்டுட்டாராம்!

அட கடவுளே! விருந்து வீட்டுல அது மரியாதை. துக்க வீட்டுல சொன்னா என்ன அர்த்தம்? இந்த வீட்டுல என்னைக்கும் சாவு விழட்டும்னா?

"அந்த இடத்தை வெட்டியிருப்பாங்கடி"ன்னார், மெதுவா. சிரிப்பு பொத்துக்கிட்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிடுச்சு.

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிஞ்சதும் மேலேர்ந்து குரல். "ஷுக்ரி! வெளிய வாடா!"

இவர் சமையக்கட்டுல ஒளிஞ்சார். நான் இழுத்துட்டு வந்தேன். எல்லாப் பால்கனியிலயும் தலைங்க.

"படம் குப்பை!"ன்னாங்க அக்கா.

ஜெயிச்சது நான்தான். ஆனா பக்கத்துல நிக்குற மனுஷன் சுருங்கிப் போறதைப் பார்த்தா எப்படி இருக்கும்?

"துக்க வீட்டுல உளறினது நீதானே?"

"ஆமாக்கா... வாய் தவறிடுச்சு. வெட்டாம விட்டுட்டாங்க."

"சொல்லிட்டு வாயைப் பொத்தினியே, அதுவும் சொல்லிக் கொடுத்ததா?"

"இல்லக்கா. பயத்துல பொத்தினேன்."

அக்கா கம்பியைப் பிடிச்சுட்டுக் குனிஞ்சாங்க. "என் வீட்டுக்காரர் போன அன்னைக்கு ஒரு பெரியவர் இதே மாதிரி உளறிட்டு, இதே மாதிரிதான் வாயைப் பொத்தினார். நான் முக்காட்டுக்குள்ள சிரிச்சேன்டா. அன்னைக்குப் பூரா எனக்கு மூச்சு வந்தது அந்த நேரம்தான். இந்தப் படத்துல எல்லாரும் அழகழகா அழறானுங்க. துக்கத்துக்கு வந்த மனுஷன் மாதிரி இருந்தது நீ ஒருத்தன்தான். உன் இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்."

சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

பின்னாடியே கயிறு அசைஞ்சது. மத்த மாடி எதுலயும் நிக்காம, கூடை நேரா எங்க பால்கனிக்கு வந்தது, விளிம்பு வரைக்கும் துர்முஸ். ஷுக்ரி ஒரு கொட்டையை எடுத்தார், உரிக்கத் தெரியாத மாதிரி கையிலயே வச்சுட்டு நின்னார். கண்ணு கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"சரி சரி, ரொம்ப உருகாதீங்க"ன்னேன். "அடுத்த ஷூட்டிங்குக்குப் போறப்ப சட்டையைக் கசக்கிட்டுப் போங்க. அக்கா பார்ப்பாங்க."