கிணற்றோடு எழுதி வைத்த குடும்பம்

கோவில்பட்டியில் எனக்கு இரண்டு லாரி ஷெட் இருக்கிறது. கயத்தாறு போகிற ரோட்டில் ஒரு டயர் கடை, பக்கத்திலேயே எடைமேடை. பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மாடி வீடு. எங்கள் தெருவில் முதல் காங்கிரீட் கூரை நான் போட்டதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கையெழுத்து இன்றைக்கும் கோணலாகத்தான் வரும். ஒருவரும் கைதூக்கி விடவில்லை, கீழே இழுக்கத்தான் வரிசையாக நின்றார்கள். இத்தனைக்கும் மேலே, எந்தப் பெரிய வீட்டு வாசலில் என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாரோ, அந்த வீட்டுக் கரிசல் நிலத்தை எட்டயபுரம் பாதையில் கிணற்றோடு என் பெயருக்குக் கிரயம் முடித்தேன். சுற்றுவட்டாரத்தில் உப்புக் கரிக்காத கிணறு அது ஒன்றுதான். இதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்?

அதனால்தான், போன தை மாதம் அந்தப் பெரிய வீட்டுப் பேரன் ஒருவர் என் வாசலில் செருப்பைக் கழற்றியதும் எனக்குப் பத்திரம் ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு வாரிசு கையெழுத்துப் போடாமல் விட்டுப்போயிருக்கும், அதைத் தோண்டிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். மாடியில் இருந்த மூத்தவனைக் கீழே வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

வந்தவர் சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டிக்காரனுக்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்கி வந்திருந்தார்.

“அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கியளா?”

என் சந்தேகம் அங்கேயே இரண்டு மடங்காகிவிட்டது. இவருடைய தாத்தா என் அப்பாவை ‘ஏலே’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த வீட்டு வாயில் எங்களுக்கு ‘அண்ணாச்சி’ வருகிறதென்றால் சும்மா வராது.

“நிலத்து விசயமா தம்பி?” என்றேன்.

“இல்ல அண்ணாச்சி. பழைய விசயம்.”

“பழைய விசயம்னு ஆரம்பிச்சுதான் எல்லாரும் நிலத்துக்கு வாராவ.”

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். “வந்த மனுசனுக்குக் காப்பி குடுக்கச் சொல்லுதியளா, இல்ல போலீஸ் ஸ்டேஷன் கணக்கா விசாரிச்சுக்கிட்டே இருக்கப் போறியளா?”

அவர் சொன்ன விவரம் இதுதான். அவருடைய குடும்பத்தார் சேர்ந்து வம்ச வரலாறு என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதற்காகப் பழைய பெட்டிகளைக் கிளறியபோது, வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய பூட்டன் எழுதிய உயில் கிடைத்திருக்கிறது. போனில் படம் எடுத்து வைத்திருந்தார். பெரிதாக்கி என் முன்னால் நீட்டினார்.

புள்ளி இல்லாத பழைய எழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் முப்பது கிரயமாவது முடித்தவன். கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப் பாதை என்று வரும் இடமெல்லாம் தடையில்லாமல் ஓடியது. அப்புறம் சொத்து வந்தது. ‘நான் வெட்டிய நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று, செவலைக் காளை ஒரு ஜோடி, மயிலைப் பசு ஒன்று, மேற்படி கிணற்றில் இறங்குகிற குடும்பத்தில் ஆண் இரண்டு, பெண் இரண்டு, பிள்ளை ஒன்று, இவையெல்லாம் என் மூத்த குமாரன் அடைந்து கொள்ளவும்.’

மாட்டுக்கு நிறம் எழுதியிருந்தது. ஆளுக்குப் பெயர்கூட இல்லை.

“அடிமைங்கற வார்த்தைய போடல பாருங்க,” என்றார் அவர். “கூடாதுன்னு அப்பவே சட்டம் வந்திருச்சு. அதான் பக்குவமா எழுதியிருக்காவ. இந்தக் குடும்பம் யாருன்னு குளத்தூர் வரைக்கும் விசாரிச்சிட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. கிணறு இப்ப ஒங்ககிட்ட இருக்கு. ஒங்களுக்கு ஏதாவது தெரியுமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

அப்படியானால் இவருக்குத் தெரியாது.

வருசா வருசம் சித்திரையில் அந்தக் கிணற்றைத் தூர் வாருவார்கள். எத்தனை கூலியாள் வந்து நின்றாலும் முதலில் எங்கள் வீட்டு ஆம்பளைதான் இறங்க வேண்டும். தேங்காய் உடைத்து, கோடி வேட்டி ஒன்று கொடுப்பார்கள். மற்ற நாளில் அந்தத் தண்ணீரை நாங்கள் இறைத்துக் குடிக்க முடியாது. மேலிருந்து ஊற்றினால் கையில் ஏந்த வேண்டும். ஆனாலும் அந்த வேட்டியை எங்கள் வீட்டில் பெரிய மரியாதையாகத்தான் நினைத்தோம். மீசை அரும்பிய வயதில் நானும் இறங்கியிருக்கிறேன். மேலே ஏறி வந்து நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன்.

இதைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் காப்பியோடு வந்தவள் சொல்லிவிட்டாள்.

“கிணத்துல எறங்குத குடும்பமா? அது நம்ம வீடுல்லா! என்னையப் பொண்ணு கேக்க வந்தப்ப மாமா இதத்தான பெருமையாச் சொன்னாவ? ‘பெரிய வீட்டுக் கெணத்துல மொத எறங்குத உரிமை எங்களுக்குத்தான்’னு. எங்க அப்பா அதுலதான மயங்கினாவ.”

உரிமை என்று நாங்கள் வைத்திருந்தது, உயிலில் காளைக்கும் பசுவுக்கும் அடுத்த வரியில் கிடந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். “மன்னிச்சிருங்க அண்ணாச்சி,” என்றார். உடனேயே, “நாம ரெண்டு பேரும் அந்தக் கிணத்துப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிடுவமா? புத்தகத்துல போடலாம்,” என்றும் கேட்டார்.

நான் கையை உருவிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்ட வாய் மூடுவதற்குள் போட்டோ வந்தால் நான் எதை நம்புவது? கை பிடித்த படம் ஒன்று அச்சில் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். தவிர, எனக்கு உறுத்தியது வேறு வார்த்தை.

“தம்பி, ‘நான் வெட்டிய’ன்னு இருக்கே. ஒங்க பூட்டன் கடப்பாறைய எந்தக் கையில பிடிச்சாவ?”

“வெட்டச் சொன்னவரு வெட்டினதா எழுதுததுதான அண்ணாச்சி வழக்கம்.”

கட்டுகிற வேலை எனக்குத் தெரியும். என் முதல் ஷெட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டியது நானும் என் வீட்டுக்காரியும். சுவர் எழுப்பிய கொத்தனார் இன்றைக்கும் வந்து தூணைத் தட்டி ‘நான் கட்டினது’ என்பார். கூலியை முழுசாகக் கொடுத்தவன் நான், இருந்தாலும் ஒருநாளும் மறுத்ததில்லை.

அவரைக் காரில் ஏற்றி நேரே கிணற்றுக்குக் கூட்டிப் போனேன். உள்சுவரில் கால் வைத்து இறங்க நீட்டிய கற்களில் ஒன்று மட்டும் சிவப்பு. நான் முதலில் இறங்கிய நாளில் அப்பா மேலே நின்று கத்தியது இது: “செவப்புக் கல்லுல பாரம் போடாதலே! நம்ம பாட்டன் பதிக்கும்போதே அது ஆடுச்சு. மாத்துதேன்னு சொல்லியும் மேல நின்னவன் விடல.” இதை அவரிடம் சொல்லி, துறட்டிக் கம்பை அவர் கையிலேயே கொடுத்தேன். குனிந்து குத்திப் பார்த்தார். கல் ஆடியது. பதித்தவன் வீட்டுக்கு அல்லாமல் வேறு யாருக்கு இது தெரியும் என்று கேட்டேன். அதைப் போனில் குறித்துக்கொண்டார்.

ஆடி மாதம் புத்தகத்தின் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் பேத்தியை வாசிக்கச் சொன்னேன். அந்த ‘வெட்டிய’ போகவில்லை, ‘எம் முன்னோர் வெட்டிய கிணறு’ என்று இருந்தது. உயிலில் இருந்த ஐந்து பேர் ‘கிணற்றுப் பணியாளர் குடும்பம்’ ஆகியிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில், ‘தகவல்: ஊர்ப் பெரியவர் ஒருவர்.’

போன் போட்டேன். “ஊர்ப் பெரியவர்னா யாரு தம்பி? எனக்குப் பேரு வைக்கலியா?”

இழுத்து இழுத்துச் சொன்னார். “எங்க ஆளுகள்ல சில பேரு ஒத்துக்கிட மாட்டேங்காவ அண்ணாச்சி. ஒங்க பேரப் போட்டு, நீங்கதான் வெட்டுனதுன்னும் போட்டா, நாளைக்கு நீங்க நிலத்துல உரிமை கிரிமைன்னு...”

“நிலம் எங்கிட்டதானய்யா இருக்கு!”

வீடே அதிரச் சிரித்தேன். அவர்களும் என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. ஆனால் விடுவதாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பேத்தி பிழை திருத்தித் தருகிறாள்.

புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கிணற்றை வெட்டியது உயிலில் பெயரில்லாமல் எழுதப்பட்ட அந்த ஐந்து பேரின் குடும்பம் என்று, உயில் வருகிற அதே பக்கத்தில் வர வேண்டும். பணியாளர் என்று பூசி மெழுகக் கூடாது. மாட்டோடு சேர்த்து மூத்த மகனுக்கு எழுதி வைத்தார்கள் என்று இருக்க வேண்டும். சிவப்புக் கல்லைக் காட்டி இதை எடுத்துக் கொடுத்தவன் நான் என்று என் பெயரை இனிஷியலோடு போட வேண்டும். கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில் செருகினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதுவரைக்கும் போட்டோ கிடையாது.