ஒரு ரூபிளுக்கு எத்தனை தெங்கே

அத்தான் வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. சிவப்பு விளக்கு எண்கள் எரியும் ஒரு பலகை. கசகஸ்தானில், அல்மாட்டி நகரத்தில், பணம் மாற்றும் சின்னக் கடையொன்றின் வாசலில் இருந்தது. கழக்கூட்டம் என்ற ஊரில் இருக்கும் அந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இது என்ன என்று கேட்காமல் போகமாட்டார்கள். படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரிவது என் கட்டைவிரல். அவசரத்தில் குறுக்கே வந்துவிட்டது.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். நாங்கள் இருவரும் கோவளத்தில் ஒரே விடுதியில் உழிச்சல்காரர்கள். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிற வேலை. ரஷ்யாவிலும் கசகஸ்தானிலும் ஆயுர்வேத நிலையம் வைத்திருந்த ஒரு முதலாளி எங்களைக் கூட்டிப்போனார். அத்தான் பி.ஏ. படித்தவர், அவருக்கு ரஷ்யா. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்குக் கசகஸ்தான். அவர் ஆறே மாதத்தில் ரஷ்ய மொழியில் சிரிக்கச் சிரிக்கப் பேசினாராம். எனக்கு எண்கள் மட்டும்தான் பிடிபட்டன. அவருக்குச் சம்பளம் ரூபிளில், எனக்குக் கசகஸ்தான் பணமான தெங்கேயில். அப்போது ஒரு ரூபிளுக்கு ஐந்து தெங்கே. அந்த ஐந்து என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒரே எண்ணெய், ஒரே கைவலி, அவர் காசு மட்டும் என் காசைப்போல ஐந்து மடங்கா? எனக்குத் தெங்கே எண்ணிக்கையில் அதிகமாகத்தான் தந்தார்கள், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அது புத்திக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது.

தினமும் வேலைக்குப் போகுமுன் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பேன். டாலர், யூரோ எல்லாம் தாண்டிக் கண் கடைசி வரிக்குப் போகும், ரூபிள் அங்கேதான். ஒரு குளிர்காலத்தில் அது சரிந்தது. நாலு, மூன்றரை, மூன்று. ரஷ்யாவில் எல்லாம் மலிவு என்று அல்மாட்டிக்காரர்கள் கார் வாங்க எல்லை தாண்டி ஓடினார்கள். எனக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். அவருடைய ஐந்து மூன்றானதே போதும். அத்தான் அனுப்பும் காசு குறைந்துபோனதென்று அக்கா போனில் அழுதபோது ஆறுதல் சொல்லிவிட்டு அன்று ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த கோடையில் அத்தான் கூப்பிட்டார். சம்பளத்தில் ஒரு பங்கை, ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்ள, முதலாளியிடமே விட்டுவைப்பது எங்கள் வழக்கம்.

"மாப்ளே, என் பங்கைத் தெங்கேயா மாத்தித் தரேங்காரு முதலாளி. ரூபிள் இனி எழும்பாதுன்னு இங்க எல்லாரும் பறையுதாங்க. வீடு கெட்டுததுக்கு வச்ச காசு, கேட்டோ. நீ தினம் பாக்கறவன். மாத்தட்டா?"

மாற்றுவதுதான் நல்லது என்றே நான் நம்பினேன். என் பங்கும் தெங்கேயில்தான் இருந்தது. ஆனால் முதல்தடவையாக என் காசு உசந்து நிற்கிறது. அதிலும் இவர் வந்து பந்தியில் உட்காருவதா? "வேண்டாம் அத்தான், ரூபிளாவே கிடக்கட்டும்" என்றேன். அன்று முழுக்க அக்கா வீடு என் வாயால் கெட்டுப்போகுமே என்று பயம். ஆனாலும் திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் பலகைக்கு முன்னால் ஒரே கூட்டம். தெங்கே விலையை இழுத்துப் பிடித்திருந்த கையை அரசாங்கம் விட்டுவிட, அது ஒரே நாளில் விழுந்திருந்தது. அடுத்த வருஷம் ரூபிள் பழையபடி ஐந்தை நெருங்கிவிட்டது. என் சேமிப்பு கரைந்தது, அவருடையது நின்றது. தெங்கே விழுந்த அந்தக் காலையிலேயே பலகையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "மாப்ளே, நீ மனுசனில்லடே, தெய்வம்!"

அதிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் என்னைக் கேட்டுத்தான். அந்தக் காசில் அவர் கட்டிய வீடு அது, மாடியில் ஐ.டி. பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். நான் ஊர் திரும்பியும் ஆரியசாலையில் ஒற்றை அறையில்.

போன ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டுவிட்டார். அவர் மகளுக்கு அல்மாட்டியில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் தெங்கேயில், அனுப்பலாமா என்று கேள்வி. என் மகன் சாலைக் கடைத்தெருவில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருக்கிறான். "மாமா என்ன சொல்லுதாரோ அதுதான்" என்றார் அத்தான். 'வேண்டாம்' என்ற அதே சொல் நாக்கு நுனிவரை வந்தது. பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அத்தான், அன்னைக்கு நான் தெரிஞ்சு சொல்லல. உங்களுக்கும் கிடைச்சிரக் கூடாதுன்னு வயித்தெரிச்சல்ல சொன்னேன்."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா, நல்ல பேருகூட வேண்டாங்கான்! இவனைப்போல ஒருத்தன் கிடைக்குமாடீ?" என்றார் அக்காவிடம். அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ள போகட்டும்" என்றேன்.

எரிச்சலில் சொன்னது பலித்தது. மனசறிந்து நல்லதென்று சொன்னது என்னாகுமோ என்று இப்போது தினமும் காலையில் செல்போனில் தெங்கேயைப் பார்க்கிறேன், ஏறவேண்டுமே என்று. நடுவில் ரூபிள் எட்டுவரைக்கும் ஏறி இறங்கியதாம், எனக்கென்ன. அன்று அவர் வீட்டிலிருந்து புறப்படும்போது அந்தப் படத்தை ஒருதரம் பார்த்தேன். எண்களுக்கெல்லாம் அத்தான் சந்தனம் வைத்திருக்கிறார். என் விரலுக்கும் ஒரு பொட்டு.