கேஸ் நம்பர் மூணு: காவாந்தண்டலம் கன்னியம்மா

காவாந்தண்டலம் கன்னியம்மா போய்விட்டார். இன்று விடிகாலை.

மகன் போன் செய்தார். "சிஸ்டர், அம்மா பூட்சி. தூக்கத்துலயே... உங்களாண்ட சொல்லணும்னு தோணிச்சி."

என் ஃபிரெண்ட் லிஸ்ட்டில் யாருக்கும் இவரைத் தெரியாது. காலனியில் இருந்தவர், ஆயுசு முழுக்க அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். எனக்கு முதலில் அவர் "கேஸ் நம்பர் மூணு".

போன மாதம் என் பேரன் என்னுடைய பழைய மிட்வைஃப் சர்டிஃபிகேட்டை போட்டோ எடுத்து இங்கே போட்டான். எத்தனை லைக், எத்தனை கைகூப்பு... நானாக அந்தக் காகிதத்தை வெளியே எடுத்ததே இல்லை. ஏன் என்று இன்று சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகள். உத்திரமேரூர் பக்கம் ஒரு தாய்சேய் நல விடுதியில் எங்களுக்கு டிரெயினிங். ஸ்கேன் என்ற வார்த்தையையே கேள்விப்படாத காலம். வயிற்றில் கை வைத்துத் தலை எங்கே, முதுகு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் படிப்பு, அதுதான் பரீட்சை.

பரீட்சைக்கு வயிறு வேண்டுமே... பால்பவுடர் தருகிறோம் என்று சொல்லிக் காலனியிலிருந்து நிறைமாதப் பெண்களைக் கூட்டி வருவார்கள். எங்கள் குடியானத் தெருவில் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் ஊரே சண்டைக்குத் திரண்டு வந்திருக்கும்.

ஒரு கட்டில். ஒரு தடுப்புத் துணி கூட இல்லை. புடவையை இறக்கிவிட்டுக் கன்னியம்மா படுத்திருந்தார். நாங்கள் பதினோரு பேர் வரிசையில்.

எக்ஸாமினர், பட்டணத்திலிருந்து வந்த ஒரு அம்மா. நாலடி தள்ளி நாற்காலி, மூக்கில் கைக்குட்டை. கடைசி வரை அந்த வயிற்றைத் தொடவே இல்லை. பெயர் இல்லாமல் "கேஸ் நம்பர் மூணு" என்று மட்டும் இருந்த கேஸ் ஷீட்டில் யாரோ "தலை கீழே" என்று எழுதி வைத்திருந்தார்கள். நாங்களும் அதையே சொன்னால் மார்க்.

ஒவ்வொருத்தியாக அழுத்தினோம். ஒருத்திக்கு நகம் வேறு நீளம்.

நாலாவது ஆள் கை வைக்கும்போது கன்னியம்மா சொன்னார். "மெதுவாம்மா... தல மேல கீது. எனக்கு இது மூணாவது, தெரியாதா?"

"பேஷண்ட் பேசக் கூடாது." எக்ஸாமினர் இதை எங்களிடம்தான் சொன்னார். கட்டில் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பதினோராவது நான்.

வலது விலாவுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக... லேசாகத் தட்டினால் தனியாக அசைந்தது. தலை. சந்தேகமே இல்லை. அடிவயிற்றில் மெத்தென்று இருந்தது பிட்டம். வீட்டில் வைத்துப் பிரசவம் பார்க்கக் கூடாத கேஸ்.

கன்னியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சிகினியாமா?" என்று மெல்லக் கேட்டார்.

"தலை கீழே, மேடம்," என்றேன் நான்.

"குட்."

பத்துப் பேர் சொன்னதை மாற்றிச் சொல்ல தைரியம் இல்லை. ஃபெயில் ஆனால் அப்பா வீட்டோடு நிறுத்திக் கல்யாணம் முடித்துவிடுவார். அவ்வளவுதான் காரணம். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் எக்ஸாமினர் லோஷன் கொண்டுவரச் சொல்லிக் கை கழுவினார். தொடாத கையை! கன்னியம்மா அதைப் பார்த்துக்கொண்டேதான் கட்டிலிலிருந்து இறங்கினார்.

"நார்மல், வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம்" என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். பால்பவுடரை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ரோட்டைப் பார்த்து வெயிலில் நடந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கேட் அப்படியொன்றும் தூரமில்லை...

நான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன். பரீட்சை முடிந்ததற்காக அன்று பாயசம்.

எட்டாம் நாள் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். கால் முதலில் வந்து, தலை மாட்டிக்கொண்டு... பெண் குழந்தை. உயிர் இல்லை. கன்னியம்மா பிழைத்ததே பெரிது.

டூட்டியில் நான். எங்களுக்குப் பாடம் எடுத்த டியூட்டர் சிஸ்டர் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். "'பேஷண்ட் தாமதமாக வந்தார்'னு எழுதும்மா. சீட்டைப் பத்தி ஒண்ணும் எழுதாத."

எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று அங்கே எனக்குப் பேர்.

ரத்தம், சீழ், மலம் எல்லாம் கையால் அள்ளியவள் நான். அந்த ஒரு வரியைத்தான் இன்றுவரை சகிக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கமே போஸ்டிங். கர்ப்பிணிகள் லிஸ்ட்டில் கன்னியம்மா, ஏழு மாதம். வீட்டுக்குப் போனேன். வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு... தலை மேலதான் இருந்துச்சி. எனக்குத் தெரியும்," என்றேன்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். உன் மூஞ்சில எயுதி இருந்துச்சே." முறத்தைக் கீழே வைத்தார். "அதுக்கு இப்ப இன்னா பண்ண சொல்ற? உன்கூட குந்திகினு அயுவணுமா?"

நான் பையிலிருந்து கர்ப்பிணிகள் நோட்டை எடுத்தேன்.

அதைப் பார்த்ததும் எழுந்து, "உள்ள வா. கைய வெச்சிப் பாரு. பாத்துட்டு மொதல்ல எங்கிட்ட சொல்லு. உன் நோட்டுல அப்பால எயுதிக்கோ," என்றார்.

அந்தப் பிரசவத்தில் பிறந்த மகன்தான் இன்று போன் செய்தவர். அதற்கடுத்த பிரசவமும் நான்தான் பார்த்தேன். ஆனால் கன்னியம்மா என்னைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார். அவர் செய்தது சரிதான்.

பின்னால் நானும் டியூட்டர் ஆனேன். எக்ஸாமினராக அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் கேஸ் ஷீட்டை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், பிடுங்கி வைத்துவிடுவேன். படுத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு முதலில் நான் கை வைத்துப் பார்ப்பேன். இதற்காக யாரும் கமெண்ட்டில் வந்து என்னைப் பாராட்ட வேண்டாம், ப்ளீஸ்.

நாளைக் காலை எடுக்கிறார்கள். முட்டி வலிதான், ஆனாலும் போகிறேன்.

அந்தக் குழந்தையை எங்கே புதைத்தார்கள் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை...

போய் வாருங்கள், கன்னியம்மா.